மறுபடியும் தூரமான அக்கா

ஜவ்வாது மலையில் என் புருஷனின் அண்ணிக்குத் தீட்டு நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பனி கொட்டும் கார்த்திகையில், சாமை அறுத்துக்கொண்டிருக்கும்போதே அரிவாளைப் போட்டுவிட்டு, “ஐயோ, உடம்பெல்லாம் எரியுதே!” என்று ஓடைக்கு ஓடுவாள். அந்த எரிச்சலை விடப் பெரிய எரிச்சல், ஒரு பிள்ளை பிறக்காமலே தீட்டு நின்றுபோனதுதான்.

அவள் புருஷன், எங்கள் மாமா, காட்டில் தண்ணீர்விட்டான் கிழங்கு தோண்டி வந்து பாலில் காய்ச்சிக் கொடுப்பார். “குடி, எல்லாம் சரியாப்பூடும்” என்பார். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. பிறகு ஒருநாள் அக்கா என் காதில், “நான் தூரமாய்ட்டேன்டீ” என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

எங்கள் ஊரில் தூரமானவள் ஊர்க்கோடிக் குடிசையில்தான் தங்க வேண்டும். மழைக்கு ஒழுகும் அந்தச் சனியனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவோ தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போனாள்.

“இன்னாடி, மறுபடியும் வயசுக்கு வந்துட்டியா? மாமன் சீரு எங்க?” என்று பெண்கள் கேலி செய்தார்கள். கிழங்கு வேலை செய்கிறது என்று ஊரே நம்பியது. மாமா இன்னும் அதிகமாகத் தோண்டினார்.

உதிரம் நிற்கவில்லை. நின்றால்தானே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வரமுடியும்? “தேங்கிக் கெடந்தது போவுது, போவட்டும்” என்றார்கள். அவள் எலும்பும் தோலுமானபோது நான் கத்தினேன்: “கெழங்கத் தூக்கிக் குப்பைல போடுங்க மாமா! ஆசுபத்திரிக்கு இட்டுனு போலாம்!”

டோலி கட்டி ஒடுகத்தூருக்கு இறக்கி, பஸ் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோனோம். “நின்னு எவ்ளோ நாளாச்சும்மா?” என்று டாக்டரம்மா கேட்டதும் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “யாருங்க சொன்னது நின்னுச்சின்னு? எனக்கு இப்பவும் வருதுங்க.”

டாக்டரம்மா எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். கர்ப்பப்பையில் புற்று, முற்றிவிட்டது. நின்ற பிறகு வந்தால் உடனே காட்டியிருக்க வேண்டுமாம். கிழங்கால் வந்ததல்ல, கிழங்கால் போகிறதும் அல்ல.

திரும்பக் கொண்டுவந்தோம். அப்போதும் வீட்டுக்குள் விடவில்லை, தீட்டாம். நாசமாய்ப் போக அந்தத் தீட்டு! நோயென்று யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. மாமா கிழங்குப் பாலைக் குடிசைக்கு வெளியே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். நான்தான் உள்ளே போய்ப் புகட்டினேன். சாவதற்கு முந்தின நாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“இனிமே இது நின்னா, புள்ள உண்டாயிருக்குதுன்னுதானடீ அர்த்தம்?”

“ஆமாக்கா” என்றேன். வேறு என்ன சொல்லித் தொலைப்பேன்?