முக்கால் கித்தார்

போன சனிக்கிழமை மகளுக்குக் கித்தார் வாங்கச் சுங்கைப் பட்டாணிக்குப் போயிருந்தேன். அவளுக்குப் பத்து வயது. என் சாயல், அதாவது உயரத்தில் கஞ்சம். கடையில் இருந்த தம்பி, சுவரில் தொங்கியவற்றிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தான். நான் உடனே பக்கத்தில் இருந்த பெரியதைக் காட்டினேன். வளர்கிற பிள்ளை, பெரிதாகவே எடுத்துவிட்டால் பிறகு கவலையில்லை என்றேன். அவன் சிரிப்பை அடக்கப் பாடுபட்டது தெரிந்தது.

"சப்பாத்து மாதிரி இல்லக்கா இது," என்றான்.

எங்கள் ரப்பர்த் தோட்டத்து ரகசியம் இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப்போனேன். நீங்களும் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கும்போது அம்மா குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் விட்டுப் பார்ப்பார். விரல் தாராளமாக உள்ளே போனால்தான் அது நல்ல சப்பாத்து. முனையில் பழைய பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொண்டு, ரப்பர்ப் பால் வாடை அடிக்கும் செம்மண் பாதையில் டப் டப் என்று நடப்போம். பேப்பரை எடுக்கிற அளவுக்குக் கால் வளரும்போது அடி தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். சீருடைப் பாவாடையிலோ உள்ளே மூன்று மடிப்பு. வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட, பழைய மடிப்பின் கோடு அப்படியே நிற்கும். அளவாக ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

இந்தப் புத்தி பத்தொன்பது வயதிலும் என்னை விடவில்லை. அப்போது கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. லூனாஸில் ஒரு வரிசை வீட்டில் நானும் விமலாவும் வாடகைக்கு இருந்தோம். விமலா யான் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். தொழிற்சாலையில் ஒரே லைன், ஒரே ஷிப்ட். அவள் நல்ல உயரம். நாங்கள் சமைக்கிற குசினி வாசலில் குனிந்துதான் நுழைவாள். நானோ ஐந்தடியைத் தொடவில்லை. சேர்ந்து நடந்தால் கொக்கும் குருவியும் வருகிறது என்பார்கள்.

பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்கள் சாயங்காலமானால் வாசல் படியில் உட்கார்ந்து கித்தார் மீட்டிப் பாடுவார்கள். கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போகிற நாங்கள், துணியைத் தோளில் போட்டபடி அங்கேயே நின்றுவிடுவோம். மழை வந்து துணி மறுபடி நனைந்த நாளும் உண்டு. அப்படி நின்ற ஒரு நாளில்தான், "நாமளும் ஒன்னு வாங்குவோம்லா," என்றாள் விமலா. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று. அடுத்த ஓய்வு நாளில் அவளுடைய மோட்டார் சைக்கிளில் சுங்கைப் பட்டாணிக்குக் கிளம்பினோம்.

கடையில் இருந்ததிலேயே பெரிய கித்தாரை நான் எடுத்தேன். உட்கார்ந்து மடியில் வைத்தால் அதன் விளிம்பு என் மோவாயில் இடித்தது. வலது கையை அதன் மேலாகப் போட, தோள் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இருந்தாலும் பழகிக்கொள்ளலாம் என்றேன். இனி வளரப்போவதில்லை என்ற கணக்கு அப்போது உறைக்கவில்லை பாருங்கள். விமலா அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்ட ஒரே ஒரு சுரச் சேர்க்கையை வாசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தம் முழுதாக அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்துபோய் அதைச் சுவரில் மாட்டிவிட்டு, முக்கால் அளவுக் கித்தார் ஒன்றை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"இதுதான்லா. பெருச மோட்டர்ல எப்படிக் கொண்டு போறது? காத்துல ரெண்டு பேரும் பறந்துருவோம்."

வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு மோட்டாருக்குப் பயந்து பொம்மை மாதிரி ஒன்றை வாங்கிவிட்டாளே என்று ஆத்திரம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கித்தார் பத்திரமாக உட்கார்ந்து வந்தது.

அதன்பிறகு இரண்டு வருடம், ஷிப்ட் முடிந்து வந்ததும் அதுதான் வேலை. எனக்குச் சீக்கிரம் கை வந்துவிட்டது. சங்கீதம் என் விரலில்தான் இருக்கிறது என்று நம்பினேன். விமலாவின் நீண்ட விரல்கள் அந்தச் சின்னக் கட்டைகளுக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். நான் அதட்டவும் செய்வேன். முதுகை வளைத்து அரைமணி நேரம் வாசித்தால், பிறகு கழுத்துக்கும் தோளுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவாள். வீடு முழுக்கத் தைல வாடை. எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்க்கிற வேலை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். நானும் அதே மைக்ராஸ்கோப்பில்தான் குனிந்தேன் என்பது எனக்குத் தோன்றவில்லை. போகப்போக அவள் வாசிப்பதை விட்டுவிட்டு, நான் வாசிக்கப் பாட மட்டும் செய்தாள். தொழிற்சாலை ஆண்டு விருந்தில் அப்படித்தான் மேடையேறினோம். கைதட்டல் எல்லாம் எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவளுக்கு ஜொகூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று, பஸ் நிலையத்துக்கு நான் கித்தாரையும் தூக்கிக்கொண்டு போனேன். அவளே கொண்டுபோகட்டும் என்று, என்னவோ ராஜ்யத்தையே தானம் கொடுக்கிற நினைப்பில் நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

"வேணாம்லா. நீயே வச்சிக்க."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்தை இவ்வளவு லேசாக உதறிவிட்டாளே என்று வீடுவரை அழுதுகொண்டு வந்தேன். ஷிப்டைச் சாக்குச் சொல்லிக் கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு கடிதம் போட்டாள். முதலாவதற்குக் கோபத்தில் பதில் எழுதவில்லை, இரண்டாவதற்கு வெட்கத்தில். அப்புறம் நான் வீடு மாறினேன், அவளும் மாறியிருப்பாள்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் கடைத் தம்பி எனக்குப் புரியவைத்தே தீருவது என்று இறங்கிவிட்டான். என் மகளின் தோள் தூக்காமல் இருப்பதையும், இடது முழங்கை மடிந்தபடியே கைப்பிடியின் நுனிவரை எட்டுவதையும் காட்டினான். பெரியது எடுத்தால் சின்னவர்களுக்குக் கஷ்டம், சின்னது எடுத்தால் பெரியவர்களுக்குக் கஷ்டம் என்று சொல்லிவிட்டு, அவள் மடியில் இருந்த அந்த முக்கால் கித்தாரைத் தானே வாங்கி உட்கார்ந்து வாசித்தான். அவன் ஆறடி ஆள். முதுகு வளைந்தது. கழுத்து முன்னால் தொங்கியது. விரல்கள் ஒன்றையொன்று இடித்தன.

"ரெண்டு பாட்டுக்கு மேல கழுத்து போயிரும்கா. என்ன மாதிரி ஆளுங்க இத எடுக்கவே மாட்டாங்க."

அந்தக் கடையில் யாரும் தைலம் தேய்த்திருக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்த வாடை வந்தது. கண் கலங்கியதை மகள் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

வருகிற வழியில் லூனாஸுக்குள் காரைத் திருப்பினேன். எங்கள் வரிசை வீடுகள் இல்லை. அந்த இடத்தில் டயர்க் கடையும் கார் கழுவுமிடமும் இருக்கின்றன. மலாய்ப் பெண்கள் உட்கார்ந்த படியும் இல்லை. எங்கள் கித்தார் கழுத்து வளைந்து, ஏதோ ஒரு வீடு மாறும்போது குப்பையோடு போய்விட்டது. விமலா எந்த ஊரில் இருக்கிறாள், இருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

பின்சீட்டில் மகள் புதுக் கித்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அளவா இருக்கு, அம்மா," என்றாள்.

அன்று அந்த மோட்டாரின் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வராமல், விமலாவின் முதுகைப் பார்த்து நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.