நூன் மணி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அக்காவுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். இஸ்திரி போடும் ரோலர் மெஷினுக்கு முன்னால் நிற்பவளுக்கு அந்தப் பட்டம் தானாக வந்துவிடும். துவைத்த விரிப்புகளை இந்தப் பக்கம் அவள் நுழைப்பாள். அந்தப் பக்கம் சூடாக வருவதை இரண்டு பெண்கள் மடிப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு என்று எண்ணுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். அந்தக் கணக்கை இடுப்பு பார்த்துக்கொண்டது.

சாப்பாட்டு இடைவேளைக்கு அங்கே நூன் என்று பெயர். சுவரில் கடிகாரம் இருந்தது, அழகுக்கு. காலையில் வந்து சேரும் விரிப்பு வண்டிகள் தீர்ந்ததும் அக்கா மணியை அடிக்க வேண்டும், அதுதான் நூன். முன்பெல்லாம் எட்டு வண்டி. ஏழு மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்குத் தீர்ந்துவிடும். புதுச் சூப்பர்வைசர் வந்ததும் அது ஒன்பதானது, பத்தானது, கடைசியில் பன்னிரண்டில் வந்து நின்றது. கைகள் பறந்தும் நூன் இரண்டு மணிக்குத்தான் வந்தது. கேட்டால், "நூனுக்கு விடாம இருக்கோமாம்மா?" என்பார். அந்த மனிதரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அக்காவுக்குத் தன் பசி பெரிதில்லை. வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில். அங்கே கட்டிலில் கணவர் இருந்தார். முன்பு ட்யூஷன் வாத்தியார், இங்கிலீஷ் எடுத்தவர். வலது பக்கம் இழுத்துக்கொண்டு மூன்று வருடமாகிறது. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டால் பன்னிரண்டுக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வியர்த்து, நடுங்கி, பேச்சு குழறிவிடும். தலைமாட்டில் பிஸ்கட் டப்பா வைத்துவிட்டுத்தான் வருவாள். ஒரு நாள் அந்த டப்பா கட்டிலுக்கு அடியில் உருண்டுபோயிருக்கிறது. இரண்டேகாலுக்கு அவள் கதவைத் திறந்தபோது, அதை எடுக்கப்போன வாத்தியார் தரையில் கிடந்தார்.

இரண்டு வாய் உள்ளே போனதும் அவருக்குப் பேச்சு திரும்பியது. வாத்தியார் புத்தி, சும்மா இருக்குமா?

"உங்க சூப்பர்வைசர் மேல தப்பே இல்லம்மா. நூன்னா முதல்ல மூணு மணிதான்."

"இப்ப இது ரொம்ப முக்கியம்! வாயைத் திறங்க."

"நிஜமாத்தான். நோனாங்கிற சொல்லுலருந்துதான் நூன் வந்துச்சு. நோனான்னா லத்தீன்ல ஒன்பதாவது. விடிஞ்சதுலருந்து ஒன்பதாவது மணி. அந்தக் காலத்துக் கிறிஸ்தவ மடத்துச் சாமியாருங்க விரத நாள்ல அதுவரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாம இருக்கணும். பிரார்த்தனை முடிஞ்சாத்தான் சாப்பாடு."

"அப்புறம் எப்படிப் பன்னெண்டாச்சு?"

"கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி வந்துருச்சு. பசிதான் காரணம்னு சொல்றாங்க."

"யாரு உத்தரவு போட்டது?"

"யாரு போடுவாங்க? மணியடிக்கிறவனுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குமில்ல?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டும்.

மறுநாள் அவள் ஐந்து மணிக்கே வேலைக்குப் போனாள். மடிக்கிற பெண்கள் இருவரும் வந்தார்கள். அவர்களுக்கும் வயிறு இருந்தது. கூடுதல் நேரத்துக்கு யாரும் எதுவும் தரவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பன்னிரண்டு வண்டியும் பன்னிரண்டு மணிக்குத் தீர்ந்தன. ஒன்பது நாள் வாத்தியார் வேளைக்குச் சாப்பிட்டார். அக்கா மட்டும் சாயங்காலம் செருப்பைக் கழற்றாமலே தூங்கிப்போனாள். இதுவும் ஒரு பிழைப்பா என்று கேட்டிருந்தால், ஒன்பது நாளும் ஆமாம், பிழைப்புதான் என்று சொல்லியிருப்பாள்.

பத்தாம் நாள் சூப்பர்வைசர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "பிரமாதம்மா! நீங்க இவ்வளவு வேகம்னு எனக்குத் தெரியாமப் போச்சே." அவருக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. இனிமேல் பதினான்கு.

மடிக்கிற பெண்களில் இளையவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கும் மிச்சம் வைக்காமல் உடம்பை உறிஞ்சியிருந்தார்கள். விரிப்புகளை நுழைத்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாவது வண்டி தீர்ந்தபோது நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம். பதின்மூன்றாவது வண்டி அவள் முழங்காலை இடித்துக்கொண்டு நின்றது.

அதைச் சுற்றிக்கொண்டு போய் மணியை அடித்தாள்.

"இன்னும் ரெண்டு வண்டி இருக்கேம்மா!" சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"நூன் ஆயிடுச்சு சார்."

"அதை நான் சொல்லணும்!"

"பத்தொன்பது வருஷமா நான்தான் சார் மணியடிக்கிறேன்."

ரோலரை நிறுத்திவிட்டு நடந்தாள். பின்னால் மற்ற பெண்கள் சாப்பாட்டு டப்பா திறக்கும் சத்தம் ஒன்று கேட்டது, பிறகு இன்னொன்று. தெருவில் இறங்கினாள். வேலை போனால் மாத்திரைக்கு எங்கே போவது என்ற பயம் வீட்டு வாசல்வரை கூடவே வந்தது.

தட்டில் சோற்றைப் போட்டு வைத்தவளின் முகத்தை வாத்தியார் பார்த்தார். பார்த்ததுமே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"எல்லா வண்டியும் முடிஞ்சுதா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி விட்டாங்க?"

"விடல. நானே மணியடிச்சுட்டு வந்துட்டேன்."

அவருடைய இடது கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது. "ஐயோ, வேலை போயிடுமேம்மா!"

"திரும்பிப் போனாத்தான் தெரியும்," என்றாள் அக்கா. "முதல்ல சாப்பிடுங்க. இப்பத்தான் நூன்."