கேட்கிறவன் சொல்லும் ஓம்

திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாவில் ஒருவர் எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது கேட்பவர் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கக் கூடாது. இடைக்கிடை 'ஓம்' போட வேண்டும்; ஆமாம் என்பதற்கு அங்கே அதுதான் சொல். போடாவிட்டால் சொல்பவர் கதையை நிறுத்திவிட்டு, "என்ன, நான் சுவரோடயா கதைக்கிறன்?" என்று கேட்பார். அந்த ஓமுக்குச் சம்மதம் என்று பொருள் இல்லை. நான் இங்கேதான் இருக்கிறேன், மேலே சொல்லும் என்பதுதான் பொருள். முத்தலிப் எழுபத்து நாலாம் ஆண்டு இங்கிலாந்துக்குப் போனபோது இந்த ஓமும் அவனோடு போனது. அங்கே அது 'யெஸ்' ஆயிற்று.

அவன் கணக்கு வாத்தியார். மேதை என்று சொல்வதற்கில்லை. எடுத்ததை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குணம் இருந்தது, அவ்வளவுதான். புலமைப்பரிசில் கிடைத்து, கொம்பியூட்டர் விஞ்ஞானத்தில் முதுமாணி படிக்கப் போனான். கொம்பியூட்டர் என்றால் என்னவென்று ஊரில் கேட்டவர்களுக்கு அவனாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவனும் அதைக் கண்டதில்லை.

அங்கே போன பிறகும் அதிகம் காணவில்லை. மாணவர்கள் இயந்திரத்தைத் தொட ஏலாது. துளையிட்ட அட்டைகளை றப்பர் பட்டி போட்டுக் கட்டி ஒரு யன்னலில் நீட்ட வேண்டும். மறுநாள் பதில் தாளில் வரும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் பதில் வராது, பிழை என்று மட்டும் வரும். மற்றவர்கள் சபித்துவிட்டுத் தவறணைக்குக் குடிக்கப் போனார்கள். இவன் குளிர் கோட்டோடு நூலகத்தில் இருந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தான். இறைச்சி ஹலாலா இல்லையா என்று தெரியாததால் பாணும் முட்டையும்தான் சாப்பாடு.

தமிழ் கதைக்க அங்கே ஒரே ஒருவன்தான் இருந்தான். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்திருக்கும் ஓர்ஸ் ஹில்லில் பெரிய உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை, ஞானசேகரம். திருகோணமலையில் என்றால் முத்தலிபைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டான். அந்தக் குளிரில் அவனுக்கும் ஆள் தேவைப்பட்டது.

"என்ன காணும் கிண்ணியா, இண்டைக்கும் முட்டையோ? நீர் ஊருக்குப் போகேக்கை கொக்கரிச்சுக்கொண்டுதான் போகப்போறீர்."

முத்தலிப் சிரித்தான். அந்தச் சிரிப்பில் நன்றியும் இருந்தது.

ஆய்வுக்கு அவன் எடுத்தது துறைமுகத்தை. சிறுவயதிலிருந்து கிண்ணியாப் பாதை என்ற மிதவைப் படகில் ஆற்றுவாயைக் கடக்கும்போதெல்லாம் தூரத்தில் கப்பல்கள் முறைக்காக நிற்பதைப் பார்த்தவன். எந்தக் கப்பலை எந்த இறங்குதுறைக்கு முதலில் விட்டால் எல்லோருக்கும் தாமதம் குறையும் என்பதற்கு ஒரு வழி கண்டான். பேராசிரியருக்கு அது பிடித்துக்கொண்டது. அவர் முத்தலிபையும் தன்னிடமே படித்த ஞானசேகரத்தையும் அறைக்கு அழைத்தார்.

பேராசிரியரின் ஆங்கிலம் முத்தலிப் புத்தகத்தில் படித்த ஆங்கிலம் அல்ல. உதட்டை அசைக்காமல், பாதிச் சொற்களை விழுங்கிக் கதைப்பார். இவன் வழக்கம்போல, அவர் மூச்சு விடும் இடங்களிலெல்லாம் "யெஸ்... யெஸ்..." என்றான். அவர் சொன்னது இதுதான்: இந்த வேலையை ஞானசேகரம் எடுத்து, இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு ஏற்றபடி கடலின் வற்றுப்பெருக்கையும் அதில் சேர்ப்பான், கட்டுரை பேராசிரியர், ஞானசேகரம் இருவரின் பெயரிலும் வரும், கலாநிதிப் பட்டத்துக்கு ஞானசேகரம் அதையே தொடர்வான், முத்தலிப் முதுமாணியோடு ஊர் திரும்பலாம், சம்மதமா?

"யெஸ்," என்றான் முத்தலிப், மீதியைக் கேட்பதற்காக. மீதி இருக்கவில்லை. பேராசிரியர் எழுந்து கைகொடுத்தார்.

கட்டுரை அச்சில் வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஓடிப்போய் ஞானசேகரத்தின் கதவைத் தட்டினான்.

"நீர்தானே காணும் யெஸ் யெஸ் எண்டனீர்."

"நான் கேக்கிறன் எண்டு காட்டத்தான் சொன்னனான்!"

"அது எனக்குத் தெரியும்," என்றான் ஞானசேகரம், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. "அவருக்குத் தெரியாதே."

பேராசிரியர் மீது முத்தலிபுக்குக் கோபம் தங்கவில்லை. அறியாமல் செய்தவன் மேல் கோபம் நிற்க இடமில்லை. அந்த ஓமின் பொருளை அறிந்த ஒரே மனிதன் பக்கத்துக் கதிரையில் வாய் திறக்காமல் இருந்தானே, அதைத்தான் அவனால் விட முடியவில்லை.

ஊர் திரும்பினான். சுபைதாவைக் கட்டினான். துறைமுக அலுவலகத்தில் திட்டப் பிரிவில் வேலை கிடைத்தது. படித்த படிப்புக்கு அங்கே ஒரு இயந்திரமும் இல்லை. கூட்டல் கணக்குப் பார்த்தான். ஒரு கொம்பியூட்டர் வாங்குங்கள் என்று மேலதிகாரி கனகரத்தினத்தைப் பிடித்துப் பிடித்துக் கேட்டான். அவரும் கடைசியில் இணங்கி, மேல்மாடியில் ஓர் அறையைக் குளிரூட்டி வைத்தார். கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்து இந்தத் துறைமுகத்துக்கே கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால் இயந்திரம் வரும், அதற்குப் பொறுப்பாளன் முத்தலிப்.

நிபுணராக வந்தவர் டொக்டர் ஞானசேகரம்.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முதல்நாள் அவன் முத்தலிபின் மேசையில் கோடு போட்ட நீளத் தாள்களை விரித்தான். உடம்பு பெருத்திருந்தது. பழையதெல்லாம் மறந்துபோன முகம்.

"எப்பிடிக் காணும் கிண்ணியா? முட்டையை விட்டிட்டீரோ?"

"விட்டுட்டன் டொக்டர். நீங்க சொல்லுங்க."

ஞானசேகரம் விளக்கத் தொடங்கினான். தாளின் ஓர் ஓரத்திலிருந்த நிரலைக் கண்டதும் முத்தலிபின் விரல் நின்றது. கப்பல்கள் வெளியே நிற்கின்றன, இறங்குதுறை வெறுமையாக இருக்கிறது. காரணம், தண்ணீர் பெருகவில்லை. இங்கிலாந்துக்காகச் சேர்த்த வற்றுப்பெருக்கை எடுக்காமல் அப்படியே ஓட்டியிருக்கிறான். கடல் வற்றிக் கப்பல் தட்டும் துறைமுகங்கள் அங்கே உண்டு. திருகோணமலை இயற்கையாகவே ஆழம், இங்கே எந்த நேரமும் எந்தக் கப்பலும் வரலாம்.

"இது மொத்தத் தாமதம். விளங்குதோ?"

"ஓம்."

"இதைப் பார்த்துத்தான் மிசின் வேணுமெண்டு முடிவெடுப்பினம்."

"ஓம்... ஓம்..."

வீட்டில் சுபைதாவிடம் அந்தப் பிழையைச் சொன்னான். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"நாளைக்குக் காலத்தால போய்ச் சொல்லிடுங்க. பிழைச்சா உங்கட மிசினும்தானே போவும்?"

"போவும்."

"மறுகா ஏன் யோசிக்கிறீங்க, பைத்தியமா உங்களுக்கு?"

அவன் அதற்கு ஓமும் போடவில்லை.

கூட்டத்தில் கனகரத்தினத்துக்குப் பக்கத்தில் பைலட் இராசதுரை இருந்தார். வருகிற கப்பல்களையெல்லாம் வழிகாட்டி உள்ளே கொண்டுவருகிறவர் அவர். ஞானசேகரம் அழகாகக் கதைத்தான். இராசதுரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைக் கிட்டப் பிடித்தார்.

"டொக்டர், ஒரு சின்னச் சந்தேகம். துறை வெறுமையாத்தானே கிடக்கு. இந்தக் கப்பல் ஏன் வெளியில நிக்குது?"

ஞானசேகரம் குனிந்து வாசித்தான். "தண்ணி பெருகுமட்டும்..." என்றவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"எங்கட துறைமுகத்திலயோ? தம்பி, எனக்குத் தலை நரைச்சது இந்தத் தண்ணியிலதான். இது வத்தினதை நான் காணேல்லை. நான் லீவிலை நிண்ட நேரம் பாத்து ஆரும் இறைச்சுப்போட்டினமோ?"

அறை சிரித்தது.

"டொக்டருக்கு எந்த ஊர்?"

சொல்லாமல் இருக்க வழியில்லை. "ஓர்ஸ் ஹில்."

இம்முறை கனகரத்தினமும் சிரித்துவிட்டார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "முத்தலிப், நீங்கள் நேற்று இதைப் பார்த்தனீங்கள்தானே?" என்றார்.

"டொக்டர் விளக்கினவர் சேர். நான் கேட்டுக்கொண்டிருந்தனான்."

"ஒவ்வொண்டுக்கும் ஓம் எண்டனீர்!" ஞானசேகரம் அவன் பக்கம் திரும்பினான்.

"கேக்கிறன் எண்டதுக்குச் சொன்ன ஓம்," என்றான் முத்தலிப். அதுவரை டொக்டர், நீங்கள் என்று கதைத்தவன் இப்போது மாறினான். "அது உமக்குத் தெரியும்தானே காணும்?"

ஞானசேகரத்துக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டதை முகத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே முத்தலிப் அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞானசேகரம் தாள்களை மடிக்கத் தெரியாமல் மடித்தான். அவை திரும்பத் திரும்ப விரிந்தன. யாரும் உதவவில்லை.

கனகரத்தினம் அன்றே முடிவைச் சொல்லிவிட்டார். தண்ணீர் வற்றுமா வற்றாதா என்று தெரியாத இயந்திரத்துக்குக் குளிரூட்டிய அறை வேண்டாம். மேல்மாடியைக் கயிறு வைக்கும் பகுதிக்குக் கொடுத்துவிடுங்கள்.

சுபைதா கதவிலேயே நின்றாள். "சொன்னீங்களா?"

"இல்ல."

"மிசின்?"

"வராது."

அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் சோற்றையும் மீன் ஆணத்தையும் வைத்தாள், போகாமல் நின்றாள்.

"அந்த மனிசனுக்கு மானம்தான் போச்சு. நாலு நாளையில கொழும்புக்குப் போய் மறந்துடுவாரு. உங்களுக்கு இந்த ஊருல இனி அந்தப் படிப்பால என்ன?"

"ஒண்டுமில்ல."

"அது தெரிஞ்சுமா செஞ்சீங்க?"

"தெரிஞ்சுதான்."

இத்தனை காலம் ஒரு வீட்டில் இருந்த மனிதனை அவள் அன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவனுக்கு நல்ல பசி.

"இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்து புள்ள," என்று சோற்றுக் கோப்பையை நீட்டினான்.