சாட்சி ‘க’ குடிக்காத தேநீர்

பிறர் துயரத்தைக் கேட்டு, எழுதி, பத்தி பத்தியாகப் பிரித்து, எண் போட்டுக் கடல் கடந்து அனுப்புவது என் தொழில். இலங்கைப் போரின் இறுதியில் நடந்தவற்றுக்கு என்றாவது ஒரு விசாரணை வரும் என்ற நம்பிக்கையில் ஐரோப்பாவில் ஒரு குழு ஆதாரம் திரட்டுகிறது. அந்தப் போரிலிருந்து தப்பி வந்து மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களின் வாக்குமூலங்களை அக்குழுவுக்காகப் பதிவு செய்பவர்கள் வழக்கறிஞர் பிரமிளாவும் நானும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மோனோரயில் கடக்கும்போதெல்லாம் சன்னல் நடுங்கும்; நானும் அப்படித்தான், ஓரிடத்தில் உட்கார முடியாதவன்.

மருத்துவமனை முகப்பிலும் நலத்துறை மேசையிலும் நீதிமன்ற மொழிபெயர்ப்பிலும் அமர்ந்து, கேட்பதையே பிழைப்பாகக் கொண்ட சக துன்பக்காரர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒரே ஒருவரின் வாக்குமூலத்தைப் பற்றித்தான், அவர் குடும்பத்தின் சம்மதத்தோடு பெயர் சொல்லி, எழுதப் போகிறேன். அது எனக்குக் கற்பித்ததை என் பயிற்சி வகுப்புகள் எவையும் கற்பிக்கவில்லை.

உபசாரம்

யோகமலர் கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கையில் அகதி அட்டை, கணவர் இல்லை. போரின் கடைசி நாளில், இராணுவத்திடம் சரணடைந்தவர்களை ஏற்றிய பேருந்தில் அவர் கணவர் ஏறியதைக் கண்ணால் கண்டவர். அந்தப் பேருந்து எங்கே போயிற்று என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் சரணடையவே இல்லை என்பதுதான் அந்நாட்டு அதிகாரிகளின் பதில். ஆகவே, ஏறியதைப் பார்த்த கண்கள் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குப் புரியும்.

சாட்சியை முதலில் இளகவைக்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சியில் முதல் பாடம். எனவே கீழ்க்கடையிலிருந்து தே தாரிக் என்னும் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர் வரவழைத்து, பிஸ்கட்டுடன் அவர் முன் வைத்து, கனிவு என்று நான் நம்பிய ஒரு புன்னகையையும் வைத்தேன். கோப்பையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. கைகளை மடியில் மறைத்துக்கொண்டார். சர்க்கரை அதிகமோ என்று கேட்டேன். பால் ஒத்துக்கொள்ளாதோ என்று கேட்டேன். தேநீர் ஆறி ஆடை படிந்தது. போர் முடிந்ததும் அடைத்துவைத்த முகாமில் இராணுவத்தினர் மாமியாரையும் தன்னையும் ஒன்றாக அழைத்து விசாரித்த கதையைப் பிறகுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அங்கேயும் முதல்ல தேத்தண்ணிதான் தந்தவங்கள், ஐயா.”

சாத்திய கதவு

சாட்சியின் இரகசியம் காக்கப்பட வேண்டும். அதற்காகக் கதவு சாத்தப்பட வேண்டும். இது விதி. அடுத்த முறை அவர் வந்தபோது தேநீரை நிறுத்திவிட்டேன், ஆனால் கதவைச் சாத்திவிட்டேன். ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, மூடிய கதவு. யோகமலர் கேள்விகளுக்குத் தலையசைத்தாரே தவிர வாய் திறக்கவில்லை. கண்கள் கதவின் கைப்பிடியிலேயே இருந்தன. குளிர் அதிகம் என்று முடிவு செய்து ஏர்கோனைக் குறைத்தேன்.

பிரமிளா எழுந்து கதவை விரியத் திறந்தார். கீழேயிருந்து பாத்திரச் சத்தமும் ‘ரொட்டி கோசோங் ரெண்டு’ என்று பரிமாறுபவர் கூவும் குரலும் மேலேறி வந்தன. யோகமலர் தம் நாற்காலியை வாசற்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார். யாரும் மேலே வராதபடி பிரமிளா மடிக்கணினியுடன் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். யோகமலர் போன பிறகு விதிப்புத்தகத்தை நினைத்து நான் முணுமுணுத்தேன். பிரமிளா படியிலிருந்தே பதில் சொன்னார்.

“ரூல்ஸ் எல்லாம் நமக்குத்தான் அண்ணே, அவங்களுக்கு வெளிய போற வழி கண்ணுல தெரியணும் லா.”

முடிந்துபோன சண்டை

கீழ்க்கடை பாய் இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். பிறர் துன்பம் பொறாதவர். யோகமலர் ஒரு சனிக்கிழமை கிள்ளானிலிருந்து முன்கூட்டியே ரயிலேறி வந்து கடையில் காத்திருந்தார். அவர் அழுததுபோல் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, பாய் என்னிடம் பரிந்து பேசினார். சண்டைதான் எப்போதோ முடிந்துவிட்டதே, அந்தப் பெண்ணைக் கிளறி என்ன ஆகப் போகிறது, மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கட்டுமே என்றார். அவர் பேச்சில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. அதனால்தான் அது இன்னும் ஆபத்தானது.

நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். ஓர் ஊரில் ஒரு வீடு எரிந்தது. தீ அடங்கியதும் ஊரார் கூடி, நெருப்புத்தான் அணைந்துவிட்டதே, யார் வைத்தார்கள் என்ற பேச்சு இனி எதற்கு, ஒற்றுமையாக இருப்போம் என்றார்கள். தீ வைத்தவன் எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டினான். வீட்டுக்காரி மட்டும் கலையவில்லை. உள்ளே ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தது அவளுக்குத்தான் தெரியும். அன்பர்களே, கேள்வி கேட்பவரைச் சமாதானத்தின் எதிரி என்று எண்ணாதீர்கள். பதில் சொல்லாமல் கூட்டத்தோடு கலைகிறவனைப் பாருங்கள்.

என் கதையால் பாய் அசையவில்லை, தலையைச் சொறிந்தார். பக்கத்து மேசையிலிருந்து யோகமலர் அமைதியாகச் சொன்னதுதான் அவரை நிறுத்தியது.

“உங்களுக்கு முடிஞ்சுது அண்ணை, எனக்கு அந்த பஸ் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கு.”

சாட்சி ‘க’

வாக்குமூலம் எழுதி முடித்ததும் அதைச் சாட்சிக்கு முழுமையாகப் படித்துக்காட்ட வேண்டும். அவர் திருத்துவார், பிறகு கையெழுத்திடுவார். ஆபத்தில் இருப்பவர்களின் பெயர்களை நீக்கி எழுத்துகளை இடுவதும் எங்கள் வழக்கம். யோகமலரின் மாமியார் இன்னும் முல்லைத்தீவில் தனியாக வாழ்கிறார். சாதாரண உடையில் ஆட்கள் வந்து குடும்பத்தைப் பற்றி விசாரித்துப் போவதும் உண்டு. எனவே பிரமிளாவும் நானும் பெரும் கவனத்தோடு ஒவ்வொரு பெயரையும் அகற்றினோம். யோகமலர் ‘சாட்சி க’ ஆனார். அவர் கணவர் ‘நபர் உ’ ஆனார். அந்த நேர்த்தியில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

படித்தேன். பேருந்தின் நிறம், முள்வேலி, வரிசை, வெயில் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். ‘படிக்கட்டில் நின்ற இராணுவ அதிகாரி பெயரைக் கேட்டார், நபர் உ தம் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார்’ என்ற இடத்தில் கையை உயர்த்தினார். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த வாக்கியத்தில் என்ன எழுதியிருக்கிறோம் என்பது என் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. கணவர் வாயிலிருந்து அவர் கடைசியாகக் கேட்ட சொல் அந்தப் பெயர். அதை நாங்கள் எடுத்துவிட்டு ஓர் எழுத்தை வைத்திருந்தோம். பாதுகாப்புக்காகவே அப்படிச் செய்தோம் என்று பிரமிளா பொறுமையாக விளக்கினார். யோகமலர் கேட்டுக்கொண்டார், பேனாவைத் தொடவில்லை.

“ஆளை ஆமி இல்லாமல் ஆக்கினது, பேரை நீங்கள் இல்லாமல் ஆக்கப் போறியளோ?”

முல்லைத்தீவு அழைப்பு

அதற்குப் பிறகு வந்த வாரத்தை நான் நடந்தே கழித்தேன். சன்னலுக்கும் கதவுக்கும் இடையே அலுவலகத் தரை தேய்ந்திருக்கும். பெயரைச் சேர்த்தால் மாமியாரின் வாசலுக்கு ஆட்கள் வரலாம். சேர்க்காவிட்டால் யோகமலர் கையெழுத்திட மாட்டார். அவர் கண்கள் பார்த்தது எவருடைய கோப்பிலும் இருக்காது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாரோ ஒருவருக்கு அநியாயம். பிரமிளாதான் கேட்டார், ஆபத்து யாருக்கோ அவரிடம் நாம் ஏன் இன்னும் கேட்கவில்லை என்று. நண்பர்களே, ஒருவரைக் காப்பாற்றுகிறோம் என்ற எண்ணத்தில் அவருடைய முடிவையே பறித்துக்கொள்ளும் நல்லவர்களாக நாம் இருக்கிறோமா என்று ஒரு முறை நம்மையே கேட்டுக்கொள்வோம்.

கைப்பேசியில் மாமியாரின் முகம் வந்தது; பின்னால் தகரக் கூரை, கோழிச் சத்தம். பிரமிளா எதையும் மறைக்கவில்லை. பெயர் குழுவின் கையில் பூட்டிவைக்கப்படும், ஆனால் இரகசியம் என்றும் காக்கப்படும் என்று எங்களால் சத்தியம் செய்ய முடியாது, ஆட்கள் வந்தால் இங்கிருந்து எங்களால் ஓடிவரவும் முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வேண்டாம் என்றால் எழுத்தே இருக்கட்டும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றும் சொன்னார். யோகமலர் கைப்பேசியை இன்னும் அருகில் பிடித்தார். அந்த அம்மாள் மகனின் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, எழுதுகிறவன் பிந்திவிடக் கூடாது என்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: இராசையா தவராசா. நான் எழுதினேன். யோகமலர் கையெழுத்திட்டார். ஆட்கள் உண்மையிலேயே வந்துவிட்டால் என்ன செய்வீர்கள், மாமி என்று அவர் கேட்டபோது மட்டும் திரையிலிருந்த முகம் இலேசாகச் சிரித்தது.

“வரட்டும் பிள்ளை, நானும் முதல்ல தேத்தண்ணிதான் குடுப்பன், பிறகு நான் கேக்கிறதுக்கு அவங்கள் பதில் சொல்லட்டும்.”

வாக்குமூலம் கடல் கடந்துவிட்டது, ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற ஒற்றை வரிக்கு மேல் பதில் இல்லை, யோகமலர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அழைத்து விசாரிக்கிறார், எங்கள் கதவோ திறந்தே கிடக்கிறது. ஆயினும் சக துன்பக்காரர்களே, நீதி என்பது ஒருநாள் அந்த மாடிப்படி ஏறி வந்தால் அதற்குத் தேநீர் கொடுப்பதா வேண்டாமா என்று நானும் பிரமிளாவும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.