எங்கள் ஊரில் மட்டும் ஓடிய படம்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஒரு பக்கம் எழுதியதை மறந்துவிட்டு மறுபடி அதையே எழுதுகிற வயதும் ஆகிவிட்டது. ஊரைவிட்டு வெளியே இருக்கிறவர்கள் எல்லோரும் ஊரில் அச்சடிக்கிற ஊர் மலருக்கு ஏதாவது எழுத வேண்டுமாம். நீங்களும் எழுதுங்கள் அத்தை என்று மருமகள் செல்வி ஒரு நோட்டை வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

மறைமலைநகரில் எங்கள் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஒரே மாதிரி நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாக இறங்குவார்கள். நம் ஊரில் முதுகைப் பார்த்தே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவோம். இங்கே வந்த புதிதில் என் மகன்தான் என்று நினைத்து, வேறொரு பையன் கையிலிருந்த டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன். அவன் பின்னாலேயே வந்து, "ஆயா, அது என்னுது. கழுவித் தரப்போறியா இன்னா?" என்று கேட்டான். வெட்கத்தில் ஒரு மாதம் நான் வாசலுக்கே போகவில்லை.

அந்தப் பையனின் அம்மாதான் அமுலு. மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். பிறந்த வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் நெம்மேலி. டப்பா கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்து, "யம்மா, உள்ளாரயே குந்திகினு இன்னா பண்ற? ஞாயித்துக்கெழம நம்ம வூட்டுக்கு வா, படம் பாக்கலாம்" என்று கூப்பிட்டாள்.

அவள் வீட்டில் ஞாயிறு மத்தியானம் தெருப் பெண்கள் ஆறேழு பேர் கூடுவார்கள். பார்ப்பது எல்லாம் அரை டஜன் குழுவின் படங்கள்தான். அந்தக் காலத்து நாடகக்காரர்கள். பேர்தான் அரை டஜன், ஆள் ஐந்து பேர். ஆறாவது ஆள் டிக்கெட் வாங்கியவர் என்று சொல்லிக்கொள்வார்கள். மொத்தம் நாலு படம் எடுத்தார்கள். அமுலு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருத்தியும் தன் வரிசையைச் சொல்ல வேண்டும். அந்த வாரம் யார் முறையோ அவள் முதலிடம் கொடுத்த படம் ஓடும். நான் கதவோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிச் சிரித்துவிட்டு, டீ வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். நாலு வருடம் இப்படியே போனது. என் வரிசையை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மனசுக்குள் வரிசை இருந்தது. நாலாவது, 'தாத்தாவுக்கு ஜலதோஷம்'. படம் முழுக்கத் தும்மல். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கும் தும்மல் நிற்காது. மூன்றாவது, 'மூணு குடை ஆறு பேர்'. ஊரில் இருந்தவரை இதுதான் எனக்குக் கடைசி. நம் கரிசல் காட்டில் மழையை யார் கண்டது, குடைக்கு அடித்துக்கொள்வார்களா என்று தோன்றும். இங்கே ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் ரேஷன் கடைக்குப் போய் வந்த பிறகு, படம் தானாக ஒரு படி ஏறிவிட்டது. இரண்டாவது, 'மொட்டை மாடி மொத்தக் குத்தகை'. சொந்த வீட்டில் இருந்தபோது அந்த வீட்டுக்காரம்மா பேசுவதற்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காது. இப்போது எங்கள் வீட்டுக்காரம்மா மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். விளங்கிவிட்டது.

முதலாவது, 'வரன் வந்த வண்டி'. அது மட்டும் எந்த ஊரிலும் மாறவில்லை. அமுலு வீட்டில் யாருக்கும் அது முதலிடம் இல்லை, அதனால் அங்கே ஒரு தடவைகூட ஓடவில்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் நம் ஊர்க் கொட்டகையில் ஓடியது, நாலு தடவை பார்த்தேன். உங்களுக்கும் நினைவிருக்கும். இடைவேளை முடிந்ததும் கல்யாணம். அது முடிந்து ஐந்து பேரும் தொப்பலாக நனைந்து, உடம்பெல்லாம் மணலோடு பெண் வீட்டுக்கு வருவார்கள். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மருமகனைப் பார்த்து, "தம்பி யாரு, எந்த ஊரு?" என்று கேட்பார். கொட்டகையே அதிரும். தாலி கட்டினவனையே யார் என்று கேட்கிறாரே. காபி குடித்துவிட்டு எழுந்து போவார்கள், படம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நம் ஊரில் மாமியார் வீட்டுக்கு எட்டிப் பார்க்காத மருமகன் வந்தால், எல்லா வீட்டிலும் அதே கேள்விதான்.

போன மாதம் அமுலு என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு உன் நம்பர் ஒண்ணு இன்னா, சொல்லும்மா" என்றாள். சொன்னேன்.

"அய்ய, அதுவா? எனக்கு அதுதான் கடேசி. அதுல சிரிக்கறதுக்கு இன்னா கீது?"

"மாமனார் கட்டம் வரட்டும், பாருங்க" என்றேன். அத்தனை பேர் நடுவில் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

இடைவேளை முடிந்தது. கல்யாணம் வரவில்லை, கடல் வந்தது. ஐந்து பேரும் படகில் ஏறி விழுகிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. "தோ, நம்ம மாபலிபுரம்" என்று அமுலு காட்டினாள். பிறகு நனைந்தபடி பெண் வீட்டுக்கு வந்தார்கள். மாமனார் கேட்டார். நான் மட்டும் சிரித்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவன எந்த ஊருன்னு கேக்காம வேற இன்னா கேப்பாங்கோ?" என்றாள் அமுலு.

"கல்யாணம் முடிஞ்சி கேக்காருல்லா?"

"இன்னும் கல்யாணமே ஆவலியேம்மா."

ஆமாம், ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் மேளம் கொட்டினார்கள். தாலி கட்டியதும் படம் முடிந்துவிட்டது. நம் ஊர்க் கொட்டகையில் படச்சுருள் பெட்டியை மாற்றி, கடலை விட்டுவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். முன்னது பின்னது தெரியாமல் ஊரே இத்தனை வருடம் சிரித்திருக்கிறது. எழுந்து செருப்பைத் தேடினேன். அன்றைக்குப் போயிருந்தால் மறு ஞாயிறு வந்திருக்க மாட்டேன். இந்த ஊரில் எனக்கென்று உட்கார இருந்தது அந்தக் கதவோரம் ஒன்றுதான்.

என்னவோ, செருப்பைப் போடாமல் திரும்பினேன். அன்றைக்குச் செல்வியும் வந்திருந்தாள், டிவியில் படத்தை ஓட்டுகிற போன் அவள் கையில் இருந்தது. "செல்வி, கல்யாணத்துக்குத் தள்ளு. அது முடிஞ்சதும் பொண்ணு பாக்கறதுக்கு வா. கடலு வேண்டாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

தாலி கட்டினார்கள். நனைந்துகொண்டு வந்தார்கள். மாமனார் கண்ணாடியைப் போட்டார். "தம்பி யாரு, எந்த ஊரு?"

அமுலுதான் முதலில் சிரித்தாள். "எங்க நைனா அப்பிடியே இதே மாரி. என் வூட்டுக்காரு வந்தா பேப்பர கீழ எறக்க மாட்டாரு." பிறகு எல்லோரும் தங்கள் தங்கள் அப்பாவைச் சொன்னார்கள். மறுபடி போடச் சொல்லி இரண்டு தடவை பார்த்தோம். "சரிம்மா, கல்யாணம் முடிஞ்சி எதுக்கு நனஞ்சிகினு வர்றாங்கோ?" என்று கேட்டாள். கல்யாண வீட்டுக் கிணற்றில் விழுந்துவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம் என்றேன். "கெணத்துல ஏதும்மா மண்ணு" என்று அதற்கும் சிரித்தார்கள். அன்றைக்கு டீ குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ராத்திரியே ஊருக்குப் போன் போட்டு என் வீட்டுக்காரர் தங்கை பேச்சியிடம் சொன்னேன். "என்ன மைனி சொல்லுதிய? அந்தப் படத்துல கடலு ஏது? அங்க உள்ளவுக வேற எதையோ போட்டு ஒங்கள ஏமாத்துதாவ" என்று கோபப்பட்டாள். இங்கே அமுலுவோ கடல் இல்லாமல் அந்தப் படமே இல்லை என்கிறாள். மறு வாரம் என்னைப் பஸ் ஏற்றி மாமல்லபுரத்துக்கே கூட்டிப் போய், "இந்தக் கரைதான்மா" என்று நிறுத்தினாள். ஓர் அலை வந்து சேலையை முழங்கால் வரை நனைத்தது. செல்வி படம் எடுத்துப் பேச்சிக்கு அனுப்பினாள். கிணற்றில் விழுந்தீர்களா என்று பதில் வந்தது. அமுலுவிடம் காட்டினேன். ஒரு பக்கம் அவள் சிரிக்க, ஒரு பக்கம் போனில் பேச்சி சிரிக்க, நான் நடுவில் மணலோடு நின்றேன்.

என் வரிசையை இப்போது திருத்தி எழுதியிருக்கிறேன். முதல் இடத்தில் 'வரன் வந்த வண்டி', கடல் இல்லாதது. அதே முதல் இடத்தில் 'வரன் வந்த வண்டி', கடல் இருப்பது. எதைக் கீழே இறக்கினாலும் யாரையோ விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கிறது.

கொட்டகையில் பெட்டி மாறித்தான் போனதா, ஆபரேட்டர் வேண்டுமென்றே மாற்றினாரா, கடல் பெட்டி ஒரு நாளாவது நம் ஊருக்கு வந்து ஓடியதா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. விவரம் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இருந்தால் யாராவது கேட்டுப் பார்த்து, நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்துங்கள். மாமனார் கட்டத்தை மட்டும் திருத்த வேண்டாம்.