சிலாவத்துறைக் கடலில் கேட்ட மூச்சு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதக் கடைசியில், மன்னார் சிலாவத்துறைக் கடலில் நடந்தது இது. அன்றிலிருந்து ஐந்தாம் நாள் நானும் என் கணவரும் கனடாவுக்கு விமானம் ஏற வேண்டியிருந்தது. சுற்றிப் பார்க்க அல்ல, அங்கேயே குடியேற.

அதற்கு முன்பு எட்டு வருடம் நாங்கள் கத்தாரில் இருந்தோம். அவர் ஏசி மெக்கானிக். நான் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தேன். கனடாவுக்கு அனுமதி கிடைத்தபோது, அங்கே போய்ச் சேர நாலைந்து மாதம் அவகாசம் இருந்தது. “போனதும் வேலை, வாடகை, பனின்னு ஓட ஆரம்பிச்சிருவோம். அதுக்குள்ள உலகத்தைக் கொஞ்சம் பாத்துருவோமே” என்றார் அவர். எட்டு வருடமாக இருவரும் ஒரு நாள் சேர்ந்தாற்போல் லீவு எடுத்ததில்லை. சரியென்றேன்.

கட்டில் முதல் கரண்டி வரை எல்லாவற்றையும் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு பையோடு கிளம்பினோம். துருக்கியில் விடியும் நேரம் வானம் முழுக்கப் பலூன்கள் பறந்ததைப் பார்த்தோம். ஜோர்ஜியாவில்தான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியைத் தொட்டோம். என் கணவர் அதை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, பல் கூசித் துள்ளினார். நேபாளத்தில் மூன்று நாள் மூடிக் கிடந்த மேகம் நாலாம் நாள் காலையில் விலகி, ஜன்னலுக்கு நேரே ஒரு மலை நின்றது. அவர் கைகூப்பினார். கடைசியாக வியட்நாம். கடலுக்குள்ளிருந்து கல்மலைகள் நூற்றுக்கணக்கில் எழும்பி நின்றன. இனி என்னை வாய்பிளக்க வைக்க உலகத்தில் எதுவும் மிச்சம் இருக்காது என்று, உண்மையாகவே நினைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன்.

எங்கள் ஊர் முசலிப் பக்கம். எங்கள் இருவரின் பெற்றோரும் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். மற்றவர்களின் வயலில் கூலிக்கு வேலை செய்து எங்களைப் படிக்க வைத்தார்கள். உறவினர்களிடம் விடைபெறப் பத்து நாள் ஒதுக்கியிருந்தோம்.

அதில் ஒரு பகல் சிலாவத்துறையில் ஒருவர் வீட்டு விருந்து. கத்தாரில் என் கணவரின் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர் அவர். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். நாங்களும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். ‘இனிப் போதும்’ என்று ஒரு நாள் பஸ் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து, மீண்டும் மீன்பிடிக்கப் போகத் தொடங்கியவர்.

சோறும், அவர்கள் ஆணம் என்று சொல்லும் மீன் குழம்பும் சாப்பிட்டு முடித்ததும், நானாவின் மனைவி எங்கள் பயணப் படங்களைக் கேட்டார். போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். வியட்நாம் கடல் வந்தபோது நானா எட்டிப் பார்த்தார்.

“நல்ல கடல்தான். எங்கட கடலுக்குள்ள எப்பவாவது போயிருக்கிறீங்களோ?”

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போனதில்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் கடல். கரையில் நின்று கால் நனைத்ததோடு சரி. வயலும் கூலியும் நம்முடையது, கடல் கடற்கரைக்காரர்களுடையது என்று எங்களுக்குள் ஏதோ ஓர் எண்ணம். யாரும் அப்படிச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் இருந்தது.

“அப்ப நாளைக்குக் காலமை வாங்கோ. கூட்டிக்கொண்டு போறன்” என்றார் நானா.

மறுநாள் கடற்படைக் காவலரணில் எங்கள் விபரங்களைப் பதிந்து அனுமதி வாங்கியபின், அவருடைய பைபர் படகில் ஏறினோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. காற்றே இல்லை. விடிந்த கையோடு வலையைப் போட்டுவிட்டுத்தான் எங்களை ஏற்றக் கரைக்கு வந்திருந்தார் நானா. என் கணவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் அப்படித்தான். இருவருக்கும் மிதவை அங்கியை மாட்டிவிட்டுத்தான் எஞ்சினைத் தட்டினார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். குனிந்து பார்த்தேன். இரண்டு ஆள் ஆழத்தில் தரை முழுக்கப் புல். பச்சைப் பசேலென்று, நீரோட்டத்துக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து அசைந்தது. “இந்தா பாரு, நாத்து நட்ட வயலு மாதிரியே இருக்கு!” என்றார் என் கணவர். நெல் வயலில் வளர்ந்த எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. கடலுக்கு அடியில், யாரும் விதைக்காத ஒரு வயல்.

வலையின் மிதப்புகள் வரிசையாகத் தெரிந்தன. நானா எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்தார். அந்தக் கணம், தள்ளி மிதந்துகொண்டிருந்த நாலைந்து மிதப்புகள் பொசுக்கென்று நீருக்குள் இழுபட்டன. மேலே வந்தன. மறுபடியும் உள்ளே போயின.

“திருக்கையாக்கும்” என்றபடி நானா வலையைப் பிடித்துப் படகை அந்த இடத்துக்கு இழுத்தார். இழுக்க இழுக்க அவர் முகம் மாறியது. “யா அல்லாஹ்” என்றார், மெதுவாக.

நானும் பார்த்தேன். வலைக்குள், மொட்டையான மண்ணிறத் தலை ஒன்று. தோள் மாதிரி ஏதோ. பக்கத்தில் ஒரு கை அடித்துக்கொண்டிருந்தது.

“ஆளு! யாரோ ஆளு!” என்று அலறிவிட்டேன்.

அந்தத் தலை நீருக்கு மேலே வந்தது. மூக்கில் இருந்த இரண்டு மூடிகள் திறந்தன. புஸ்ஸ்ஸ் என்று ஒரு மூச்சு. மூடிகள் மூடிக்கொண்டன. வலை அதை மீண்டும் கீழே இழுத்தது.

“கடற்பசு. குட்டி” என்றார் நானா. சட்டையைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்ன நாலு வார்த்தையில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. இந்தப் புல்லை மேய்கிற பிராணி அது. குட்டி பாலும் குடிக்கும், புல்லும் மேயும். மீனைப்போல நீருக்குள் சுவாசிக்காது, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும்.

“தலை தண்ணிக்கு மேல நிக்க வேணும், இல்லாட்டிச் செத்துப்போகும். தங்கச்சி, இந்தக் கயித்தைப் பிடியுங்கோ. என்ன நடந்தாலும் விடாதீங்கோ. தம்பி, நீங்கள் மற்றப் பக்கம் போங்கோ. எல்லாரும் இங்கால வந்தால் போட் பிரண்டிடும்.”

கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்துவிட்டார்.

படகின் விளிம்பில் நெஞ்சை அழுத்திக் குனிந்து, வலையின் மேல்கயிற்றைப் பிடித்து இழுத்தேன். பத்து வயதுப் பிள்ளை அளவு இருக்கும் குட்டி. ஆனால் பாரம் அப்படியல்ல. தலை என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. ஈர ரப்பர் போன்ற தோல். அங்கொன்றும் இங்கொன்றுமாக முடி. கண் சின்னஞ்சிறியது, கறுப்பு. அது என்னைப் பார்த்தது. மூக்கு திறந்தது. அந்த மூச்சு என் முகத்தில் அடித்தது. சூடாக இருந்தது. கடல் வாடை வரும் என்று நினைத்தேன். வந்தது புல்லை மென்ற வாடை, எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியின் வாயில் வருவது போல.

நானா மேலே வருவார், ஒரு வாய் காற்று இழுப்பார், மறுபடியும் போய்விடுவார். குட்டியின் கைத்துடுப்பில் வலை ஒரு சுற்று, வயிற்றில் இரண்டு, வாலில் எத்தனையோ தெரியாது.

அப்போது படகின் அடியை ஏதோ முட்டியது. படகு முழுவதும் குலுங்கியது.

“நானா! அடியில பெருசா ஒன்னு போகுது! மேல வந்துருங்க!” என்று கத்தினார் என் கணவர்.

நானாவின் தலை மேலே வந்தது. “தாயாக்கும். அது ஒண்டும் செய்யாது” என்றார். அந்தக் குரலில் அவருக்கே அவ்வளவு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் திரும்பவும் முங்கினார்.

என் காது படகின் உடம்போடு ஒட்டியிருந்தது. அதனூடாகத்தான் கேட்டேன். சின்னக் குருவி கத்துவதுபோல, கீச் கீச்சென்று ஒரு சத்தம். மேலே பறவை எதுவும் இல்லை. சத்தம் கடலுக்குள்ளிருந்து வந்தது. அது நின்றதும், நான் பிடித்திருந்த கயிற்றில் குட்டியின் உடம்பு அதிர்ந்து, அதேபோல் இன்னொரு சத்தம் எழுந்தது. தாய் கூப்பிடுகிறது, பிள்ளை பதில் சொல்கிறது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே நேரம் என் பிடி நழுவியது. நைலோன் கயிறு விரல்களை அறுத்திருந்தது, ரத்தத்தில் வழுக்கியது. குட்டியின் தலை நீருக்குள் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனம் தன்பாட்டில் எண்ணியது.

“முடியலீங்க! கை வழுக்குது!”

“விட்றாத புள்ள! நீ நல்லாக் குனி. பாரத்தை நான் இந்தப் பக்கம் வச்சுக்கிறேன்!”

திரும்பிப் பார்த்தேன். நீச்சல் தெரியாத மனிதர், காலைப் பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டு, முதுகைக் கடலுக்கு மேலே சாய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைமுடி நீரைத் தொட்டது. எட்டு வருடம் கூட வாழ்ந்தும் அவரை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. நான் இடுப்பு வரை வெளியே குனிந்து, இரண்டு கையையும் குட்டியின் தாடைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். புஸ்ஸ்ஸ். மூச்சு வந்தது.

அந்த மூச்சுக்குப் பதில் போல, கைக்கெட்டும் தூரத்தில் கடல் மெல்ல உயர்ந்தது. படகின் பாதி நீளம் இருக்கும் ஒரு முதுகு. பழைய தழும்புகள் கோடு கோடாகக் கிடந்தன. அதன் மூக்கும் திறந்து, பெரிய, நீண்ட ஒரு மூச்சை விட்டது. பிறகு அது அசையாமல் அங்கேயே நின்றது. ஒரே வாலடியில் படகிலிருந்த எங்கள் இருவரையும் கடலில் கொட்டியிருக்கலாம். செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது. தாய், குட்டி, நான், மூன்று பேரும் ஒரே காற்றை இழுத்து விட்டுக்கொண்டிருந்தோம். வேறு சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நானா இருமிக்கொண்டே மேலே வந்தார். “அறுத்திட்டன்! விடுங்கோ தங்கச்சி, இப்ப விடுங்கோ!”

என் விரல்கள் விரியவில்லை. விறைத்துப் போயிருந்தன. அவரே ஒவ்வொன்றாக விரித்துவிட்டார்.

குட்டி உடனே போகவில்லை. களைத்துப்போய்ப் படகோடு ஒட்டிக் கிடந்தது. தாய் சத்தமில்லாமல் அதற்குக் கீழே வந்து, தன் முதுகால் அதை ஏந்தியது. இரண்டும் ஒன்றாக மூச்சு விட்டன. பிறகு அந்தப் பச்சை வயலின் மேல் இரண்டு நிழல்கள், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, அவசரமே இல்லாமல் போயின. தெரியும் வரைக்கும் பார்த்தோம். தெரியாமல் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நானா படகில் ஏறாமல் விளிம்பைப் பிடித்தபடி நீரிலேயே கிடந்தார். வலை அவருக்கருகில் கிழிந்து மிதந்தது.

“உங்க வலை போச்சே நானா” என்றார் என் கணவர்.

“ஓம்” என்றார். வலையின் ஒரு முனையைக் கையில் எடுத்து, “முந்தி ஒண்டு பட்டால் ஊருக்கே இறைச்சி. இப்ப சட்டம் விடாது. சின்ன வயசில நானும் திண்டிருக்கிறன் தம்பி. ருசியெண்டுதான் சொல்லுவன், பொய் சொல்லப்படாது. ஆனா இண்டைக்குக் கீழ நிக்கேக்க, அந்தத் தாய் என்ர தோளில வந்து உரசினது. அடிக்கேல்ல. சும்மா உரசினது” என்றார். படகில் ஏறி, கிழிந்த வலையைச் சுருட்டினார். பிறகு எஞ்சினைத் தட்டிக் கரைக்குத் திருப்பினார்.

என் கையைப் பார்த்து நானாவின் மனைவி பதறிப்போனார். “விருந்துக்கு வந்த பிள்ளையை இப்படியா கொண்டந்து விடுறது!” என்று புருஷனைத் திட்டிக்கொண்டே மருந்து போட்டுவிட்டார். திட்டி முடிந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, “சத்தியமா தாய் வந்ததோ? கிட்டவோ?” என்று மூன்று தடவை கேட்டார்.

ஐந்தாம் நாள் புறப்பட்டோம். கனடா விமான நிலையத்தில் விரல் ரேகை பதியச் சொன்னார்கள். என் வலது கை விரல்கள் அத்தனையும் புண். இயந்திரம் ஒன்றையும் ஏற்கவில்லை. அங்கிருந்த பெண் அதிகாரி என்ன நடந்தது என்று கேட்டார். இவ்வளவு தூரம் வந்து இந்த விரல்களால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ? வேறு வழியில்லாமல், தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கயிறு, குட்டி, கடலுக்குள் கேட்ட குருவிச் சத்தம், தாய் வந்து நின்றது. அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். படம் இருக்கிறதா என்று கேட்டார். “இரண்டு கையும் வேலையாக இருந்தது” என்றேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, “இவருக்கும் ஒருமுறை சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். பிறகு இடது கை விரல்களைப் பதிந்துகொண்டு, எங்கள் தாள்களில் முத்திரை குத்தி, என் புண்பட்ட கையை இன்னொருமுறை பார்த்துவிட்டு, “வாருங்கள், நல்வரவு” என்றார்.

இங்கே எங்கள் வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரில் இருந்தவர்கள் சேர்ந்து வலை முடைய உதவினார்கள் என்று நானா போனில் சொன்னார். அந்தப் பக்கம் மிதப்பு அமிழ்ந்தால் இப்போதெல்லாம் முதலில் கத்தியைத்தான் எடுக்கிறாராம். எனக்கு விரல்கள் ஆறிவிட்டன, ஆட்காட்டி விரலில் மட்டும் ஒரு கோடு மிச்சம். வேலைக்களைப்பிலோ, இந்த ஊர் நமக்குரியதுதானா என்ற சந்தேகத்திலோ மனம் சோரும்போது அந்தக் காலையை நினைத்துக்கொள்வேன். எனக்குரியதல்ல என்று நான் ஒதுங்கியே நின்ற கடலில், என்னை யாரென்று கேட்காமல் ஓர் உயிர் தன் பிள்ளையை என் கைகளில் விட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தது. அப்படி ஒரு நம்பிக்கை எனக்குக் கிடைத்தபின், பூமியில் எந்த இடத்தையும் அந்நியம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.