இடிக்குக் கழற்றிய பெட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இடிச் சத்தம் கேட்டால், காயப்போட்ட துணியை எடுப்பதற்கு முன்பே டீவி வயரைக் கழற்றிவிடுவார்கள். அந்த வழக்கம் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியையே கவிழ்க்கும் என்று யார் கண்டது!

புளத்கொகுபிட்டியப் பக்கம் மூன்று தோட்டங்களில் மண்சரிவைக் கொண்டுவரும் மழையைப் பதிவு செய்யும் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் அப்போது நான் வேலை செய்தேன். தோட்டத்துக்கு ஒரு சின்னக் கணினிப் பெட்டி. ஒவ்வொன்றும் மற்ற இரண்டின் பதிவுகளையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஒன்று செத்தாலும் மற்றவை காப்பாற்றும் என்பது ஆராய்ச்சியை நடத்திய சாரின் கணக்கு. மழை எல்லை மீறினால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கேட்கும்படி சைரனும் அடிக்கும். எப்போதும் ஆள் இருக்கட்டும் என்று, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் பெட்டியை வைத்தோம். தொட்டில்களுக்கு நடுவே, ஒரு குழந்தை என் முந்தானையை இழுக்க இழுக்க, நான் வயர் பார்ப்பேன். அந்த நாட்களை நினைத்தால் இன்னும் ஏக்கமாக இருக்கிறது.

நிதி முடியும் நேரத்தில் கொழும்பிலிருந்து சார் பேசினார். “இது பத்து வருசம் தாங்குமா, பார்த்து எழுதுங்க” என்றார். தாங்காது என்றால் பெட்டிகளை எடுத்துவிடுவார்கள். எங்கள் தோட்டத்துச் சரிவுக்கு நேர் கீழேதான் அம்மாவின் லயம். அன்றே பதிவுகளைத் திறந்தேன். தூறலெல்லாம் ஒழுங்காக இருந்தது. பெருமழை கொட்டிய நேரங்கள் மட்டும் மூன்று பெட்டியிலும் வெறுமை.

பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் ஓடினேன்.

“இடி இடிச்சா கழட்டாம என்னா செய்யிறது? மொதல்ல ஒங்க பெட்டியத்தான் கழட்டுவேன். அது வெந்து போச்சுன்னா ஒங்க சாருக்கு யாரு பதில் சொல்றது?”

“சரிக்கா. மத்த ரெண்டு தோட்டத்துல?”

“நான்தானே போன் போட்டு கழட்டச் சொல்லுவேன்!” என்றார் பெருமையாக. பக்கத்துத் தோட்டத்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் சிங்களத் தங்கையிடம், இடி இடிக்கிறது, ப்ளக்கைக் கழற்று என்று அவள் மொழியில் சொல்வதையும் நடித்துக் காட்டினார்: “நங்கி, கொரவனவா, ப்ளக் எக கலவன்ன!”

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. மூன்றையும் ஒரே மூச்சில் படுக்கவைக்க ஓர் அக்கா இருப்பார் என்று சார் கணக்குப் போடவில்லை. கெடுக்க நினைத்தவரா இவர்? பெட்டியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவர். இடியைத் தாங்கும் காப்பும் பட்டரியும் வைத்தால் இந்த ஏற்பாடு தாங்கும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். பட்டரி வரவில்லை, பெட்டிகளை எடுத்துப்போக வான் வண்டிதான் வந்தது. பெட்டிகளை ஏற்றும்போது அக்கா வயரைச் சுருட்டிக் கொடுத்தார். நான் அழுதுவிட்டேன்.

இப்போது நான் இரத்தினபுரியில் வேறு வேலையில் இருக்கிறேன். மழை இருட்டினால் கை தானாகப் போனுக்குப் போகும். போன பெருமழையன்றும் பதறிக்கொண்டு அம்மாவை அழைத்தேன்.

“நான் எப்பவோ கோயிலுக்கு வந்துட்டேன்டி. புள்ளக்காம்பரா அக்கா போன் போட்டுச்சு. மூணு தோட்டத்துக்கும் சொல்லிருச்சாம்.”

போனில் அம்மாவுக்குப் பின்னால் இடி இடித்தது. அக்காவின் குரல் கேட்டது: “டீவிய கழட்டிட்டீங்களான்னு கேளுங்க அந்தப் புள்ளகிட்ட!”

நான் எழுந்து போய்க் கழற்றினேன்.